இடைத்தங்கற் பயணி: ஒரு சந்தேகத்தின் வரலாறு

சென்ற வருடம் அக்காவை ஊரிலிருந்து அழைத்துவந்தேன். அவரது மகளுக்கு இங்கே பிள்ளைப்பேறு. கொழும்பில் ஏறி, வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி, ஐரோப்பாவின் பெரிய விமானநிலையமொன்றில் மறுபடியும் மாறவேண்டிய பயணம். கொழும்பில் சோதித்தார்கள். வளைகுடாவில் இறங்கியதும் சோதித்தார்கள். மூன்றாவது இடத்திலும் நீண்ட வரிசை. அங்கேதான் அக்காவின் கைப்பைக்குள் இருந்த சரக்குத்தூள் அகப்பட்டது. மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்து இடித்து, மூன்று பொலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கட்டிய பத்தியச் சரக்கு. ஒரு துணித்துண்டால் பையைத் துடைத்து இயந்திரத்தில் வைத்தார்கள். இயந்திரம் சத்தமிட்டது. பிறகு முழங்காற் பட்டியைக் கழற்றச் சொன்னார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். அவர் தூளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடவுச்சீட்டைப் புரட்டி, மகள் எந்த விசாவில் இருக்கிறார், எத்தனை நாள் தங்குவீர்கள், திரும்பிப் போக ரிக்கற் இருக்கிறதா என்று கேட்டார். நாற்பது நிமிடம் கழித்து எங்களை விட்டபோது அடுத்த விமானம் போய்விட்டது.

"தம்பி, கொழும்பிலையும் பாத்தவங்கள், அங்கையும் பாத்தவங்கள். இடையிலை பிளேனுக்குள்ளையெல்லோ இருந்தனாங்கள்? அதுக்குள்ளை என்னத்தைப் புதுசா வாங்கினனாங்கள்?" என்று அக்கா கேட்டார்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது வழமையான இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர், இது வெள்ளையரின் நிறவெறி, வேறு விளக்கம் தேவையில்லை என்றார். மற்றவர், குண்டு வைத்தது நாம், இப்போது வரிசையில் நிற்பதும் நாம், இதில் முறையிட என்ன இருக்கிறது என்றார். இரண்டும் விவாதத்தைத் தொடங்கவிடாமல் முடித்துவைக்கும் பதில்கள். அந்த வரிசையில் அக்காவிடம் இரண்டு வெவ்வேறு விசாரணைகள் நடந்தன. ஒன்று, பைக்குள் என்ன இருக்கிறது என்பது. மற்றது, நீ போய்விடுவாயா, நின்றுவிடுவாயா என்பது. இரண்டுக்கும் வெவ்வேறு பிறப்பு உண்டு. அவை ஒரே மேசையில் வந்து சேர்ந்ததற்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தின் பல திருப்பங்களில் நாம் நின்றிருக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இடைத்தங்கற் பயணி ஒரு விருந்தாளி. 1944 டிசெம்பரில் சிக்காகோவில் கைச்சாத்தான சர்வதேச சிவில் விமானப் பயண உடன்படிக்கையும், 1949 இல் அதனுடன் சேர்க்கப்பட்ட ஒன்பதாம் இணைப்பும் பயணியின் வழியை இலகுவாக்குவதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. விமானநிலையத்தை விட்டு வெளியேறாமல் அடுத்த விமானத்தில் போகிறவரிடம் விசா கேட்காதிருப்பதே அவற்றின் போக்கு. அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இறங்கிய அயர்லாந்தின் ஷனன் விமானநிலையம் 1947 இல் சுங்கவரியற்ற வலயமாக்கப்பட்டது. இன்று எல்லா விமானநிலையங்களிலும் இருக்கும் தீர்வையற்ற கடை அங்கேதான் தொடங்கியது. இடையில் நிற்கும் மனிதர் நாட்டுக்குள் வந்தவரல்லர், ஆகவே அவரிடம் வரி வாங்கவேண்டாம் என்பதே அதன் தத்துவம். அதே தத்துவம் பின்னர் மறுபக்கமாகத் திருப்பப்பட்டது. நாட்டுக்குள் வராதவருக்கு வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை என்றாயிற்று.

பைச் சோதனையின் பிறப்பு வேறு. 1968 க்கும் 1972 க்கும் இடையில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நடந்தன. விமானக் கம்பனிகள் நீண்டகாலம் சோதனையை எதிர்த்தன. பயணிகள் கோபிப்பார்கள் என்பதே அவர்களது பயம். 1973 ஜனவரி 5 முதல்தான் அங்கே எல்லாப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. 1974 இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் பாதுகாப்புக்கான பதினேழாம் இணைப்பை ஏற்றுக்கொண்டது. அப்போதும் சோதனை என்றால் பயணம் தொடங்கும் இடத்தில் நடப்பது என்றே பொதுவாகக் கருதப்பட்டது. இடையில் மாறுகிறவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்தானே என்ற எண்ணம், அதாவது அக்காவின் எண்ணம், அன்று அதிகாரிகளிடமும் இருந்தது.

அந்த எண்ணத்தை முதலில் உடைத்தது 1976 ஜூன் 27. தெல் அவிவிலிருந்து பாரிஸுக்குப் போன எயார் பிரான்ஸ் விமானத்தில், வளைகுடாவிலிருந்து வந்து ஏதென்ஸில் மாறிய நால்வர் ஏறினர். விமானம் உகண்டாவின் என்ரெபேயில் போய் நின்றது. என்ரெபேயில் நடந்த மீட்பு நடவடிக்கையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. ஆனால் ஏதென்ஸ் விமானநிலையத்தின் நடைகூடம்தான் என் அக்காவின் கதைக்கு நெருக்கமானது. ஓர் அரசு செய்த சோதனையை மற்ற அரசு நம்பலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. கேள்வி எழுந்ததே தவிரப் பதில் வர இன்னும் பத்து வருடம் பிடித்தது.

அந்தப் பத்து வருடத்தின் முடிவில், 1984 ஓகஸ்டிலிருந்து 1987 மே வரை, மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்துக்குள் நடந்தவற்றைத் திகதி வரிசையில் அடுக்கிப் பார்க்கும்போதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது.

1984 ஓகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கம். கொழும்பு செல்லும் எயார் லங்கா விமானத்துக்கென ஒருவர் பெட்டிகளைப் பதிந்துவிட்டு விமானத்தில் ஏறாமல் மறைந்துபோனார். தமிழீழ இராணுவம் என்ற சிறு இயக்கத்தின் வேலை அது. தொலைபேசியில் எச்சரிக்கைகள் வந்தும் பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. அவை விமானநிலையக் கட்டடத்துக்குள்ளேயே வெடித்தன. முப்பது பேர்வரை இறந்தனர். இறந்தவர்களுள் இலங்கையரும் இருந்தனர். நமது இயக்க வரலாறுகளில் இதற்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. "தவறுதலாக வெடித்தது" என்று எழுதுவார்கள். சரியான இடத்தில் வெடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதமாட்டார்கள்.

இதற்குப் பத்து மாதம் கழித்து, 1985 ஜூனில், வன்கூவரில் ஒருவர் ரொரொன்ரோ போகும் விமானத்துக்குத் தன் சூட்கேஸைப் பதிந்தார். அங்கிருந்து எயார் இந்தியாவில் தொடர்ந்து செல்ல அவருக்கு உறுதியான இடம் இருக்கவில்லை. இருந்தும் பெட்டி நேரடியாக எயார் இந்தியாவுக்கு மாற்றப்படவேண்டும் என்று வற்புறுத்தினார். கருமபீடத்தில் இருந்தவர் முதலில் மறுத்துப் பின்னர் சம்மதித்தார். பெட்டி போயிற்று, ஆள் போகவில்லை. ரொரொன்ரோவில் பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பழுதாகிவிட்டது. ஜூன் 23 அன்று கனிஷ்கா என்ற அந்த விமானம் அயர்லாந்துக் கரைக்கப்பால் வெடித்து 329 பேரும் மாண்டனர். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று முன்னர் ஜப்பானின் நரிற்றா விமானநிலையத்தில், இன்னொரு எயார் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த இன்னொரு பெட்டி வெடித்து இரண்டு தொழிலாளர் இறந்தனர். மீனம்பாக்கத்தில் பிசகிய அதே உபாயம்தான் இது. ஆள் ஏறாத பெட்டி.

1988 டிசெம்பர் 21 லொக்கர்பியும் இதே வகை. 270 பேரைக் கொன்ற அந்தச் சூட்கேஸ் மால்ட்டாவில் ஆளில்லாமல் ஏற்றப்பட்டு, பிராங்போர்ட்டில் மாறி, லண்டனில் மறுபடி மாறியது என்று 2001 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் முடிவுகண்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் மற்றக் கம்பனிகளின் விமானங்களிலிருந்து மாறிவந்த பெட்டிகளைப் பான் ஆம் நிறுவனம் பயணிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எக்ஸ்ரேயோடு விட்டுவந்தது என்பதை 1990 இல் அமெரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு பதிவுசெய்துவிட்டது.

ஆக, மூன்று இடத்திலும் பெட்டி பயணம் செய்தது, மனிதர் பயணம் செய்யவில்லை. இதற்கான தர்க்கரீதியான பரிகாரம் ஆளில்லாத பெட்டியை ஏற்றாதே என்பது. அந்த விதி வந்தது, அது நல்ல விதி. விமானத்தில் ஏறாதவரின் பெட்டியைத் தேடி இறக்குவதற்காக நாம் எல்லோரும் ஓடுபாதையில் அரைமணி நேரம் காத்திருந்த அனுபவம் உண்டு. அதில் எனக்கு முறைப்பாடு கிடையாது. ஆனால் பெட்டியைப் பற்றிய அந்தப் பயம், பெட்டியோடு கூடவே வரும் மனிதர்மீது எப்படி இறங்கியது என்பதுதான் விளங்கவேண்டியது. அதற்கு அதே வருடங்களின் இன்னொரு கதைக்குள் போகவேண்டும்.

1983 ஜூலைக்குப் பிறகு நம்மவர்களுக்கு ஐரோப்பாவுக்குள் வரத் திறந்திருந்த கதவுகளில் பெரியது கிழக்கு பேர்லினின் ஷொனபெல்ட் விமானநிலையம். நானும் 1985 இன் முற்பகுதியில் அந்தக் கதவால் வந்தவன்தான். மொஸ்கோ வழியாக வந்து இறங்கினால் கிழக்கு ஜேர்மனி ட்ரான்சிற் விசா தந்தது. பிறீட்றிக்ஸ்ட்றாச நிலையம்வரை போய், ரயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். மேற்கில் இறங்கும்போது சோதனை இல்லை. ஏனென்றால் பேர்லினைப் பிரித்த கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக மேற்கு வல்லரசுகள் அங்கீகரிக்கவில்லை. அங்கே சோதனைச்சாவடி வைத்தால் அங்கீகரித்ததாகிவிடும். இரண்டு முகாம்களின் பிடிவாதத்துக்கிடையில் இருந்த ஒரு கைமுழ இடைவெளிக்குள்ளால் நாம் வந்தோம். என் கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரையின்படி நான் அகதியல்லன், ட்ரான்சிற் பயணி. போய்க்கொண்டிருப்பவன். அது ஒரு பொய் என்பது எனக்கும் தெரியும், முத்திரை குத்தியவருக்கும் தெரியும்.

1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி அதை நிறுத்தியது. மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கையருக்கு ட்ரான்சிற் இல்லை என்றது. இரு ஜேர்மனிகளுக்கிடையிலான வணிகத்துக்கு வழங்கப்பட்ட வட்டியில்லாக் கடன் எல்லை 850 மில்லியன் கணக்கலகுகளாக உயர்த்தப்பட்டதும் அதே ஜூலையில்தான். வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் இணைத்தே பேசுகின்றனர். 1986 ஒக்ரோபரில் அந்தத் தடை மற்ற நாட்டவர்களுக்கும் விரிந்தது. அதற்குச் சற்று முன்னர், 1985 மே மாத இறுதியில், பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியிருந்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது அது விதித்த முதலாவது விசா அது. கனிஷ்கா விழ இன்னும் சில வாரங்கள் இருந்தன. காரணம் குண்டல்ல, நாம் வந்துகொண்டிருந்தது.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி ஏற்றப்படவிருந்த ஒரு தொகுதித் தமிழர் விமானத்தடியில் உடுப்பைக் கழற்றி நின்றனர். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மார்ச்சில் அரசாங்கம் ஒரு சட்டமூலத்தை அறிவித்தது. மே மாதத்தில் அது சட்டமாயிற்று. உரிய பத்திரம் இல்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்தால் விமானக் கம்பனிக்கு 1000 பவுண் தண்டம். 1991 இல் அது 2000 ஆயிற்று. மேற்கு ஜேர்மனியும் 1987 இல் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1990 இன் ஷெங்கன் உடன்படிக்கை இதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. இதன் விளைவை நாம் போதியளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அகதியைத் தடுக்கும் வேலை எல்லைக் காவலரிடமிருந்து ரிக்கற் பார்க்கும் பெண்ணிடம் போயிற்று. அவருக்குச் சட்டம் தெரியாது, அகதி உடன்படிக்கை தெரியாது. பிழைவிட்டால் கம்பனிக்குத் தண்டம் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் ட்ரான்சிற் என்ற ஓட்டை அப்போதும் இருந்தது. கடைசி ஊருக்கு ரிக்கற் வாங்கி இடையில் இறங்கித் தஞ்சம் கேட்கலாம். நமது ஏஜென்சிக்காரர்களின் தொழில் பல வருடம் இதில்தான் ஓடியது. பிரித்தானியா 1993 இல் அதையும் அடைத்து, வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விசா கேட்டது. 1996 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் பொதுப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆப்கானிஸ்தான், எதியோப்பியா, எரித்திரியா, கானா, ஈராக், ஈரான், நைஜீரியா, சோமாலியா, இலங்கை, சயீர்.

இந்தப் பத்து நாடுகளின் பட்டியலை ஒரு தடவை நிதானமாக வாசிக்கவேண்டும். அன்று லொக்கர்பி தொடர்பாக ஐ.நா. தடைக்குள்ளாகியிருந்த லிபியா இதில் இல்லை. எரித்திரியா இருக்கிறது, கானா இருக்கிறது, சயீர் இருக்கிறது. எரித்திரியர் எந்த விமானத்தை வெடிக்கவைத்தார்கள்? தனித்தனி நாடுகள் வேறு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆயினும் பொதுப்பட்டியல் குண்டுகளின் பட்டியலல்ல, அகதிகள் வரும் நாடுகளின் பட்டியல். 2009 இன் ஷெங்கன் விசாக் கோவையில் அது பன்னிரண்டு நாடுகளாயிற்று. இலங்கை அதிலும் தொடர்ந்தது. "குண்டு வைத்தோம், அதனால் நிற்கிறோம்" என்ற நண்பருக்கு என் பதில் இதுதான். குண்டே வைக்காதிருந்தாலும் நாம் அந்தப் பட்டியலில் இருந்திருப்போம்.

மற்ற நண்பருக்கும் பதில் சொல்லவேண்டும். அவருக்கு 1986 மே 3 ஐ நினைவூட்டுவேன். லண்டனிலிருந்து சூரிச், டுபாய் வழியாக வந்து, கட்டுநாயக்காவில் நின்று, மாலைதீவுக்குப் போகவிருந்த எயார் லங்கா ட்றைஸ்ரார் விமானம். பறக்கும்போது வெடித்திருக்கவேண்டிய குண்டு, புறப்பாடு தாமதமானதால் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கையில் தரையிலேயே வெடித்தது. 21 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் வெளிநாட்டவர், கொழும்பில் விமானம் மாறிப் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களுள் அடக்கம். பழி விடுதலைப் புலிகள்மீதே விழுந்தது. இங்கே இடைத்தங்கற் பயணி கொன்றவரல்லர், கொல்லப்பட்டவர். என் நண்பர்களுள் எத்தனை பேர் அன்று இதைக் கண்டித்து எழுதினோம்? நான் எழுதவில்லை. மேற்கு பேர்லினில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு, விமானம் அரசாங்கத்தின் விமானம்தானே என்று ஒருவர் சொல்ல, அத்தோடு சமையல் வேலையைப் பார்க்கப் போனோம். நிறவெறி என்ற சொல் இந்த அறையை மறைக்கப் பயன்படுமானால் அந்தச் சொல்லில் எனக்கு விருப்பமில்லை.

இடைவழியில் நிற்பவரின் சட்டநிலை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1992 மார்ச்சில் சோமாலியச் சகோதரர் நால்வர் சிரியாவிலிருந்து பாரிஸ் ஓர்லி விமானநிலையத்தில் இறங்கினர். இருபது நாள் ட்ரான்சிற் வலயத்திலும் அதற்கெனப் பிடித்த ஹோட்டல் ஒன்றிலும் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் எந்த நேரமும் வேறு நாட்டுக்குப் போகச் சுதந்திரம் உள்ளவர்கள், ஆகவே இது தடுப்புக்காவல் அல்ல என்பது பிரெஞ்சு அரசின் வாதம். 1996 ஜூன் 25 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அதை நிராகரித்தது. ட்ரான்சிற் வலயம் பிரான்சின் மண்ணே, அங்கே பிரெஞ்சுச் சட்டமே செல்லும், போவதற்கு நாடில்லாதவருக்குப் போகும் சுதந்திரம் வெறும் ஏட்டுச் சுதந்திரம் என்பதே அம்முடிவின் சாரம். அமூர் வழக்கு என்று அதற்குப் பெயர். ஷனனில் தொடங்கிய கற்பனையை, இடையில் நிற்பவர் எந்த நாட்டிலும் இல்லை என்ற கற்பனையை, ஒரு நீதிமன்றம் நேருக்கு நேர் மறுத்த தீர்ப்பு அது. நமது சஞ்சிகைகள் எதிலும் அப்போது அது பற்றி ஒரு குறிப்பேனும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

2001 செப்ரெம்பர் 11 க்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. அன்று பொஸ்ரனில் விமானம் ஏறியவர்களுள் இருவர் அதிகாலையில் போட்லண்டிலிருந்து வந்து மாறியவர்கள். 2003 ஓகஸ்டில் அமெரிக்கா விசா இல்லாமல் விமானம் மாறும் ஏற்பாட்டை நிறுத்தியது. அன்றிலிருந்து அங்கே இடைத்தங்கற் பயணி என்று ஒருவர் ஏறத்தாழ இல்லை. எல்லோரும் நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுத்து, மறுபடி சோதிக்கப்பட்டே போகவேண்டும். 2006 ஓகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருட் சதி பிடிபட்டது. அவ்வருட நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் 100 மில்லிலீற்றர் விதி. பல வருடங்களுக்கு அதன் முழுப் பாரமும் விமானம் மாறுகிறவர்மீதே விழுந்தது. கட்டுநாயக்காவின் தீர்வையற்ற கடையில் வாங்கிய சாராயப் போத்தல் அங்கே சட்டபூர்வமானது, இடையில் இறங்கிய இடத்தில் ஆபத்தானது. முத்திரையிட்ட பைகளையும் திரவத்தைப் பரிசோதிக்கும் கருவிகளையும் கொண்டு 2014 இலிருந்துதான் அது ஓரளவு சீரானது. பிறகு 2018 இல் அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள்களுக்குத் தனிச் சோதனை வந்தது. நமது கறித்தூளின் வரலாற்றில் இதுவும் ஒரு திகதி.

இனி அக்காவின் கேள்விக்கு வரலாம். இடையில் என்னத்தைப் புதிதாக வாங்கினோம்? ஒன்றும் வாங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் ஊரில் சோதிக்கப்பட்டவர் இன்னோர் ஊரில் மாறும்போது திரும்பச் சோதிக்கப்படுவதில்லை. கனடா, சிங்கப்பூர் உட்படச் சில வெளிநாடுகளின் சோதனையையும் ஒன்றியம் தன்னுடையதற்குச் சமமானதென ஏற்றிருக்கிறது. மற்ற நாடுகளிலிருந்து வருகிறவர், அவர் எந்த நிறத்தவராயினும், மறுபடி வரிசையில் நிற்பார். எங்களுக்கு முன்னால் அன்று நின்றவர் விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு டச்சுக் கிழவர். அவரது சப்பாத்தையும் கழற்றினார்கள். இது அரசுகளுக்கிடையிலான நம்பிக்கையின் கணக்கு. இதற்கு நான் நிற்கத் தயார். ஆனால் அவரிடம் எவரும் திரும்பிப் போக ரிக்கற் இருக்கிறதா என்று கேட்கவில்லை. குண்டைத் தேடும் மேசையில் நின்றுகொண்டு, அகதியைத் தேடும் கேள்வியைக் கேட்பதற்குத்தான் நான் தயாரில்லை. இயந்திரம் சத்தமிட்டது தூளுக்கு. பொலிஸ்காரர் விசாரித்தது 1985 ஐ.

அந்தத் தூளை அவர்கள் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த நாள் காலை விமானத்தில் வந்து, பத்து நாள் கழித்து அக்கா அதில் பத்தியக் கறி வைத்தார்.

ஷொனபெல்ட்டின் பழைய கட்டடம் 2020 இல் புதிய பேர்லின் விமானநிலையத்தின் ஐந்தாம் முனையமாகப் பெயர்மாறி, 2021 பெப்ரவரியில் மூடப்பட்டது. 1984, 85 இல் அந்த வழியால் வந்தவர்களின் கடவுச்சீட்டுகள் பல இன்னும் அலுமாரிகளுக்குள் கிடக்கும். முகாமில் ஒப்படைத்துத் திரும்பக் கிடைக்காதவையும் உண்டு. என்னுடையதும் அப்படிப் போனதுதான். முத்திரை உள்ள பக்கத்தைப் பிரதியெடுத்து, இறங்கிய திகதியையும் ஏறிய ஊரையும் மட்டும் ஒரு வரியில் குறித்து அனுப்பக்கூடியவர்கள், ஆசிரியர் குழுவின் விலாசத்துக்கு அனுப்பினால், அடுத்த இதழ்களில் அவற்றை ஒழுங்குபடுத்தி வெளியிடும் வேலையை நான் ஏற்கிறேன். பெயர் வேண்டியதில்லை.